பாலத்துச் சாவி

ஊருக்கும் மலைக்கும் நடுவில் பன்னிரண்டே கிலோமீட்டர். அதைச் சைக்கிளில் உயிரோடு கடப்பது எப்படி என்ற கேள்வி ஆறு வாரமாக அந்த வீட்டை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

கேள்வியைக் கிளப்பியவள் மனைவி. அவளுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் யாருக்கோ கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருந்தவளை, முதுகுவலிக்குச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். அவர் சொன்னது வீட்டு மூலையில் நகராமல் நிற்கிற உடற்பயிற்சிச் சைக்கிளை. இவள் வாங்கி வந்ததோ, மலைக்காட்டில் கல்லிலும் வேரிலும் குதித்து இறங்குகிற தடித்த டயர் சைக்கிள். நாற்பத்திரண்டு வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி வீடு திரும்புகிற மனுஷியை அக்கம்பக்கம் வேடிக்கை பார்த்தது. முதுகுவலி போன இடம் தெரியவில்லை.

இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் சைக்கிளை வண்டி மேல் கட்டி மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு வந்தது கணவர். குடிநீர் வாரியத்தில் வால்வு பார்ப்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் வால்வுக்காரர்தான். பெண்டாட்டிக்கும்கூட, கோபம் வந்தால். இப்போது ஷிப்ட் மாறி, சனிக்கிழமை பகலெல்லாம் வேலை என்றாகிவிட்டது.

"நீங்க ஒண்ணும் கொண்டுவிட வேண்டாம். வீட்டு வாசல்ல இருந்தே நானே போயிக்கறேன்" என்றாள் மனைவி.

"எந்த வழியா?"

"இருக்கறது ஒரே ரோடுதானே?"

அந்த ஒரே ரோட்டில்தான் நெடுஞ்சாலைப் பாலம் இருந்தது. ஆற்றுக்கு மேலே அரைக் கிலோமீட்டர் நீளம். இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் நடுவே காற்று மட்டும்தான் போகும். ஓரத்தில் ஒதுங்க ஒரு சாண் இடம் கிடையாது. போன வருடம் ஒரு தபால்காரர் சைக்கிளோடு அங்கே அடிபட்டுச் செத்தார். கைப்பிடிக் கம்பியில் யாரோ கட்டிய வெள்ளைத் துணி இன்னும் அங்கேயே கிடந்து நைந்துகொண்டிருந்தது.

"அந்தப் பாலத்துல மட்டும் ஏற மாட்டேன்னு சொல்லு. வேற வழி நான் பாத்துத் தர்றேன்."

"பாத்துக் குடுத்தா நான் ஏன் ஏறப்போறேன்?"

வால்வுக்காரர் சொன்னால் சொன்னதுதான். ஒரு வேலையை எடுத்தால் குடல்வரை தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். பாலத்து முனையில் ஒரு மணி நேரம் நின்று எண்பத்து நான்கு லாரியை எண்ணிவிட்டு வந்தார். வயல் வழியைப் பார்த்தார். நாய்கள் ஐந்து. ரயில்பாதை ஓரத்தைப் பார்த்தார். ஜல்லியில் சக்கரம் நிற்காது. கடைசியில், காலுக்கடியில் கிடந்ததை ஊரெல்லாம் தேடினோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் இருபது வருடமாக நடையாய் நடக்கிற குழாய்ப் பாதை! மலையடிவார அணையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய். அதன் கூடவே மண் பாதை. ஆற்றைக்கூடக் குழாய் தனக்கென்று ஒரு சின்ன இரும்புப் பாலத்தில் தாண்டுகிறது. பக்கத்தில் ஆள் நடக்கப் பலகை. லாரி இல்லை, பஸ் இல்லை. காலையில் மண் பாதையில் நடக்கப் போகிறவர்களை வாரியமும் கண்டுகொள்வதில்லை.

மனைவியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவரே ஓட்டிப் பார்த்தார். எந்தத் திருப்பத்தில் சேறு, எங்கே பலகை ஆடுகிறது, எங்கே போனில் சிக்னல் போகும் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். மாமியாருக்குப் போன் போட்டு, "கண்ணை மூடிக்கிட்டுப் போகலாம் அத்தை" என்று வேறு பீற்றிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணும் போக வேண்டாம். அவ ஏற்கெனவே அப்படித்தான் போறா" என்றார் மாமியார். "உங்க வார்த்தையை நம்பி விடறேன் மாப்பிள்ளை."

முதல் சனிக்கிழமை. காலை ஏழரைக்கு மனைவி கிளம்பினாள். அவர் வாங்கிக் கொடுத்த மஞ்சள் சட்டை, தலையில் ஹெல்மெட், பையில் அந்தத் தாள். தெருமுனை திரும்பும்போது ஒரு கையை விட்டு ஆட்டினாள். ரெண்டு கையாலும் பிடி என்று இவர் கத்தியது காதில் விழுந்திருக்காது.

எட்டு மணிக்கு அவர் பம்ப் ஹவுஸில் இருந்தார். எண்ணெய் வாடை, மோட்டார் இரைச்சல், சுவரில் அழுத்தமானிகள். பம்ப் ஆபரேட்டர் ஒரு கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

"பாலத்துச் சாவி குடுங்க அண்ணே. வால்வுக்கு கிரீஸ் வைக்கணும்."

"உன் சாவி எங்க?"

"பூட்டுக்குள்ளயே உடைஞ்சு போச்சு. போன வாரம்தான் ஆபீஸ்ல புதுப் பூட்டு போட்டாங்க. சாவி உங்ககிட்ட மட்டும்தானே குடுத்திருக்காங்க?"

வால்வுக்காரர் இடுப்பிலிருந்த வளையத்தைக் கழற்றினார். அதில் அந்தச் சாவி தொங்கியது. கழற்றிய கை அப்படியே நின்றுவிட்டது.

குழாய்ப் பாலத்துக்கு இரண்டு முனையிலும் இரும்புக் கதவு உண்டு. ஆள் உயரத்துக்கு மேல், உச்சியில் கூர்க்கம்பி வைத்தது. எப்போதும் பூட்டித்தான் இருக்கும். இருபது வருடமாக அங்கே போனதும் கை தானாக இடுப்புக்குப் போகும், பூட்டுத் திறக்கும், தாண்டியதும் பூட்டிக்கொள்ளும். கைதான் அதைச் செய்தது. மனசுக்குத் தகவலே வராது. மூன்று ஞாயிறும் அப்படித்தான் திறந்து, அப்படித்தான் பூட்டினார். ஆடுகிற பலகையைத் தாளில் எழுதிய மகானுபாவர், கதவை எழுதவில்லை. அவரைப் பொறுத்தவரை அங்கே கதவே இல்லை.

"அண்ணே? என்னண்ணே, முகமெல்லாம் இப்படி வெளுத்துப் போச்சு?"

மணி எட்டு ஐந்து. எட்டுப் பத்துக்கு அவள் கதவுக்கு முன்னால் நிற்பாள். ஆற்றுப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. அதையும் இவரே தாளில் எழுதியிருக்கிறார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை மேட்டில் ஏறி நேரே நெடுஞ்சாலைக்குப் போகிறது. ஏறினால் லாரிப் பாலம். திரும்பி வருவாளா? அவளாவது, திரும்பி வருவதாவது! பாதி செதுக்கிய பல்லை மறுநாளைக்கு வைத்துவிட்டு எழுந்து வந்த சரித்திரம் கிடையாது அவளுக்கு.

போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டார். அதே குரல். வாரியத்து வேனின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கிரீஸ் டப்பாவோடு ஆபரேட்டர் வாசல்வரை ஓடி வந்து நின்றார்.

மண் பாதையில் வேன் போகாது. நெடுஞ்சாலைதான். எதிரே வந்தவனுக்கெல்லாம் ஹாரன் அடித்தார். சிவப்பு விளக்கில் நின்ற அரை நிமிடத்தில் ஸ்டீயரிங்கைக் குத்தினார். பச்சை விழுவதற்குள் எடுத்துவிட்டார். கண்ணுக்குள் அந்த வெள்ளைத் துணி ஆடியது. ஏறியிருக்க மாட்டாள், சொல்லியிருக்கிறேன், வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனால் வழி பார்த்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் நான்தானே? என்னுடையது பொய்த்தால் அவளுடையது மட்டும் எப்படி நிற்கும்?

மேடு வந்தது. ஒற்றையடிப் பாதை ரோட்டில் சேரும் இடத்தில், ஈர மண்ணில் தடித்த டயர் தடம் தெளிவாக ஏறி வந்திருந்தது. அதற்குமேல் அவரிடம் யோசிக்கிற புத்தி மிச்சமில்லை. வேனைப் பாலத்தில் ஏற்றினார்.

நூறு மீட்டர் போவதற்குள் முன்னால் ஒரு கல் லாரி. நடக்கிற வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் இரண்டு மஞ்சள் விளக்கும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தன.

"டேய், தூங்கறியா?" என்று கத்தினார். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. லாரி அசைந்து கொடுக்கவில்லை. பாதை கொடுக்கவும் இல்லை. அங்கே அவள் லாரிகளுக்கு நடுவில் தனியாக. இங்கே இவன் கல்லைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போகிறான். வால்வுக்காரர் எட்டிப் பார்த்தார். எதிரே தூரத்தில் ஒரு பஸ். முடியும் என்று தோன்றியது. ஸ்டீயரிங்கைத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

முடியவில்லை. லாரியின் பாதி நீளம் தாண்டும்போதே பஸ் பூதாகாரமாக எதிரே வந்துவிட்டது. விளக்கைப் போட்டுப் போட்டு அலறியது. பின்வாங்க நேரமில்லை. லாரியின் மூக்கை உரசுகிற மாதிரி சடாரென்று வண்டியை உள்ளே வெட்டினார்.

உள்ளே மஞ்சள் சட்டை இருந்தது.

பிரேக்கின் மேல் ஏறி நின்றார். டயர் கிறீச்சிட்டது. பின்னால் லாரியும் அலறி நின்றது. கண்ணாடியில் ஏதோ டக்கென்று தட்டியது. பஸ் காற்றாய்க் கடந்து போனது.

கதவைத் திறந்து இறங்கினார். மனைவி கைப்பிடிக் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு நின்றாள். சைக்கிள் அவள் காலடியில் கிடந்தது, முன்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வேனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. முழங்கையில் ரத்தம். வேனின் பக்கக் கண்ணாடி அவள் ஹாண்டில்பாரில் பட்டு மடங்கியிருந்தது.

லாரி டிரைவர் குதித்து இறங்கி வந்தார். நரைத்த மீசை, கையில் ஸ்பானர்.

"யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இந்த அம்மா பாலத்துல தனியா மாட்டிக்கிச்சேன்னு பின்னாடி லைட்டப் போட்டு மறைச்சுக் கூட்டிட்டுப் போறேன். கரை சேர இன்னும் கொஞ்ச தூரம்தான். அதுக்குள்ள எமன் மாதிரி வந்து பூந்துட்டியே! உன் வீட்டுப் பொம்பளையா இருந்தா இப்படி ஓட்டுவியா?"

வால்வுக்காரர் குனிந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

"நான் அவர் வீட்டுப் பொம்பளதான் அண்ணே" என்றாள் மனைவி.

டிரைவர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஸ்பானரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "சரி, எடுங்க, பின்னாடி வண்டி சேருது" என்று முணுமுணுத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

வேனில் ஏறச் சொன்னதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் அவர் விளக்கைச் சிமிட்டவிட்டு அவள் நடைக்கு வேனை ஊர விட்டார். அவருக்குப் பின்னால் லாரி. அதற்கும் பின்னால் ஹாரன், ஹாரன், ஹாரன். யாரோ ஒருவன், தூங்குறீங்களா என்று கத்துவதும் கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பாலத்தை அவர் கடந்ததில்லை.

அக்கரையில் வேனை ஓரங்கட்டினார். லாரி ஒருமுறை லேசாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அப்போது பார்த்து மாமியார் போன்.

"போய்ச் சேந்துட்டாளா மாப்பிள்ளை?"

இந்த இடத்தில் ஒரு பொய் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. நாக்கின் நுனிவரை வந்தது அது.

"சேந்துட்டா அத்தை. ஆனா நான் பாத்த வழியில பூட்டு இருந்துச்சு. பெரிய பாலத்துல வந்துட்டா. ஒரு வண்டி இடிக்கப் பாத்துச்சு."

"ஐயையோ! எந்தப் பாவி அவன்?"

"நான்தான் அத்தை."

மனைவி வந்து போனை வாங்கினாள்.

"ஆமாம்மா, இவர்தான். முழங்கை மட்டும்தான். இல்ல, திரும்பி வரல. மலைக்குத்தான் போறேன். சாயங்காலம் பேசறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். கைக்குட்டையை நனைத்து அவள் முழங்கையில் கட்டினார். மூன்று தடவை கட்ட வேண்டியிருந்தது. அழுகிறோம் என்பது முகத்தைத் துடைத்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

"திட்டேன். நாலு வார்த்தை திட்டிடு."

"திட்டுவேன். இப்ப இல்ல" என்றாள். "கதவைப் பாத்ததும், உள்ள வேலையா இருப்பீங்க, சத்தம் போட்டா வருவீங்கன்னு நெனச்சேன். பத்து நிமிஷம் உங்களைக் கூப்பிட்டேன்."

சைக்கிளில் ஏறி உட்கார்ந்து ஒரு காலை ஊன்றிக்கொண்டாள்.

"நாலு மணிக்கு அந்தக் கதவு ரெண்டும் திறந்திருக்கணும்."

"திறந்திருக்கும்."

அவள் மலைப் பக்கம் திரும்பி மிதித்தாள். அவர் மேலதிகாரிக்குப் போன் செய்து அரை நாள் விடுப்புச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. ஒரு மணியிலிருந்து அவர் குழாய்ப் பாலத்தின் மலைப்பக்க முனையில், விரியத் திறந்த கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.