சாண்ட்விச்சுக்கு நன்றி

1983 ஜூன், சனிக்கிழமை மதியம். என் அண்ணன் க்ளிஃப்டன் ஒரு இசைத்தட்டை நெஞ்சோடு அணைத்தபடி எங்கள் ப்ராங்க்ஸ் வீட்டுச் சமையலறைக்குள் வந்தான்.

"வந்துடுச்சுடீ வெர்னா! நம்ம ஆல்பம்!"

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். உறையின் முன்பக்கத்தில் வெள்ளி நிறத் தோல் சட்டையில் அவன். பின்பக்கம் திருப்பினேன். 'தாளம்: வெர்னா' என்று ஒரு வரி அங்கே இருக்க வேண்டும். அதற்காகத்தான் எட்டு மாதம் காத்திருந்தேன்.

'தாளம், பாட்டு, எல்லாம்: க்ளிஃப்டன்' என்று இருந்தது. அடியில் பொடி எழுத்தில், 'மீன் சாண்ட்விச்சுகளுக்காகத் தங்கை வெர்னாவுக்கு நன்றி.'

"இது என்னடா?"

"எது?"

"சாண்ட்விச்சு."

"நல்லாத்தானே இருந்துச்சு? அதச் சொல்லக் கூடாதா?"

ஒன்பது பாட்டுக்கும் தாளத்தை நான்தான் போட்டேன், இதே மேஜையில், டிரம் மெஷினின் பதினாறு பொத்தான்களை அமுக்கி. நோட்டில் கட்டம் வரைந்து, எதில் பெரிய டிரம், எதில் கைத்தட்டல் என்று குறித்து, அழித்து, மறுபடி குறித்து. பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் ரோபோ மாதிரி வேணும்" என்று சொன்னது மட்டும் அவன்.

"கம்பெனிக்காரங்க சொன்னாங்க வெர்னா. பொண்ணு தாளம் போட்டான்னா எவனும் வாங்க மாட்டானாம்."

"நீ என்ன சொன்ன?"

ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே எதையோ தேடினான்.

"சரின்னேன்."

"எப்போ?"

"மார்ச்சுல."

மார்ச்சிலிருந்து தினமும் இதே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

"சரி விடு. நாலு மணிக்குப் பார்க்குல போடுறோம். நீ எப்பவும் போலப் பக்கத்துல நின்னு..."

"உன் பேருதானே போட்டிருக்கு? நீயே அமுக்கு."

"அமுக்குறேன் போ. எல்லாத்தையும் உள்ள பதிஞ்சுதானே வெச்சிருக்க. ஸ்டார்ட்ட அமுக்குனா ஓடப் போவுது. இதுக்கு ஒரு ஆளா?"

மேஜையிலிருந்த டிரம் மெஷினின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒயரைச் சுருட்டினான். பிறகு தன் சின்ன கேசட் பெட்டியை ஆட்டிப் பார்த்தான்.

"பேட்டரி செத்துப்போச்சு. போறப்ப பாட்டு வரிய ஒருதடவ கேக்கணுமே. ஏதாவது இருக்கா?"

"இல்ல."

டிரம் மெஷினைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றினான். உள்ளே மூன்று பேட்டரிகள். ப்ளக் இல்லாத நேரத்தில் என் தாளங்களை உள்ளே பிடித்து வைத்திருப்பவை அவைதான். கரண்ட் ஓடும்போதுதான் நான் அவற்றை மாற்றுவேன். அவன் ஒருநாளும் மாற்றியதில்லை.

"இது எதுக்கு? கரண்ட்டுலதானே ஓடுது?"

எடுத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எட்டு மாதம்.

"எனக்கென்ன தெரியும்? நான் சாண்ட்விச் போடுறவ."

சிரித்துக்கொண்டே இரண்டை எடுத்துக்கொண்டு போனான்.

நானும் பார்க்குக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. விளக்குக் கம்பத்திலிருந்து கரண்ட் இழுத்திருந்தார்கள். அட்டைகளை விரித்துப் பையன்கள் ஆடத் தயாராக நின்றார்கள். க்ளிஃப்டன் மைக்கில் ஊரையே வரவேற்று, ஸ்டார்ட்டை அமுக்கினான்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினான்.

"என்னப்பா, தூங்குதா?" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது.

அவன் கண் கூட்டத்தில் என்னைத் தேடியது. கண்டுபிடித்தது. கூப்பிடு என்று நினைத்தேன். மைக்கில் என் பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடு, பத்தே நிமிடத்தில் மனப்பாடமாய்ப் போட்டுத் தருகிறேன்.

பார்வையைத் திருப்பிக்கொண்டான். உறையிலிருந்து புது ஆல்பத்தை உருவி, ரெக்கார்டு ப்ளேயரில் வைத்து, ஊசியை இறக்கினான்.

என் தாளம் ஸ்பீக்கரில் இறங்கியது. என் கைத்தட்டல், என் பெரிய டிரம், மூன்று வாரம் மல்லுக்கட்டிய அந்த நடு இடைவெளி. பார்க் முழுக்கக் குதித்தது. மெஷின் ஓடவில்லை என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

வண்டியில் ஐஸ் சீவி விற்கும் ஐரைடா அக்கா என் தோளை இடித்தார்.

"உங்க அண்ணன் தலைக்குள்ள என்னதான் வெச்சிருக்கான்டி? எங்கேருந்து புடிக்கிறான் இதையெல்லாம்?"

"அவனையே கேளுங்கக்கா."

"நீ ஏன் ஆடல?"

"ஐஸ் குடுங்க. புளிப்பா ஏதாவது."