கொல்லையில் கட்டிய ஊஞ்சல்

மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் மகள் அவனோடு இருக்கலாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். போன மாசம் வந்தவள், அந்த ஒற்றை அறையில் கட்டிலின் ஓரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு தடவை மணி கேட்டாள். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கையில் போனும் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

இந்த மாசம் வியாழக்கிழமையே மச்சானிடமிருந்து போன் வந்தது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. விவாகரத்தாகி மூன்று வருஷமாகிறது. மச்சான் என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லி எந்தக் காகிதத்திலும் எழுதாததால் இரண்டு பேரும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், அக்கா ஒண்ணு சொல்லச் சொல்லுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லு."

"பாப்பாவுக்குப் பன்னெண்டு முடிஞ்சிடுச்சுல்ல. இனிமே அவள இழுத்துக்கிட்டு வந்து விட முடியாதாம். இந்த ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போகட்டும், அப்புறம் வர்றதா வேணாமாங்கிறத அவளே சொல்லட்டும்ங்குது."

அவன் ஆறாவது மாடி உயரத்தில் ஒரு பலகையின் மேல் நின்றிருந்தான். அந்த உயரத்தில் அவனுக்கு என்றுமே பயம் வந்ததில்லை. இப்போது ஒரு கையால் பைப்பைப் பிடித்துக்கொண்டான்.

சாரம் கட்டுவது அவன் தொழில். பதினெட்டு வருஷமாக இரும்புப் பைப்பைப் பைப்போடு சேர்த்து, கிளாம்ப் போட்டு முறுக்கி, மற்றவர்கள் ஏறி நின்று பூசவும் பெயின்ட் அடிக்கவும் வழி பண்ணிக் கொடுக்கிறான். இடுப்பில் எந்நேரமும் ஸ்பானர் தொங்கும். அதனால் சைட்டில் அவனுக்குப் பெயரே ஸ்பானர்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வெல்டரைக் கேட்டான். வெல்டருக்கு மூன்றும் பெண் பிள்ளைகள்.

"டேய், பொம்பளப் பிள்ளைங்க வீட்ல என்னடா விளையாடும்?"

"வேற எங்க, என் தலையில ஏறித்தான் விளையாடும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா. இருக்குறது ஒரே ரூமு. பின்னாடி கொல்லை சும்மா கெடக்கு."

"கொல்லை இருக்குல்ல, அப்புறம் என்ன? ஒரு ஊஞ்சல் கட்டு. ரெண்டு பேட்டு வாங்கி ஷட்டில் ஆடு. ஹோஸ்ல தண்ணிய பீச்சி அடி, கத்திக்கிட்டு ஓடுங்க. வெயில் ஏறுனா ஒரு தார்ப்பாயக் கட்டி அதுக்கடியில உக்காந்து சோறு தின்னுங்க. வெட்டவெளியில தின்னா பிள்ளைங்களுக்கு ரெண்டு வாய் கூடுதலா எறங்கும். இதுக்குப் போயி மூஞ்ச இப்படி வச்சிருக்க?"

அவன் ஒரு சிமென்ட் பையைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தான். நாலு கால், மேலே குறுக்குப் பைப். ஒரு பக்கம் ஊஞ்சல், இன்னொரு பக்கம் தார்ப்பாய், நடுவில் ஏறுவதற்கு ஒரு கயிறு. வெல்டர் எட்டிப் பார்த்தான்.

"என்னடா இது, பாப்பாவுக்கு ஊஞ்சலா? இல்ல பக்கத்து வீட்டுக்கு மூணாவது மாடியா?"

சூப்பர்வைசரிடம் கேட்டு, பதினெட்டுப் பழைய பைப்புகளைச் சனிக்கிழமை லாரியில் ஏற்றி வந்தான். வெல்டரும் கூட வந்து எதிர்முனையைப் பிடித்தான். அவன் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்பக்க அறை. அதற்கும் பின்னால் இருபதடிக்குப் பன்னிரண்டடியில் கொல்லை. துணி துவைக்கும் கல், உடைந்த ஓடுகள், காலி பெயின்ட் டின்கள், ஈரமான மூலையில் முளைத்த புல். ஓடுகளை எல்லாம் அள்ளி மூட்டை கட்டினான். இருட்டுவதற்குள் பதினெட்டுப் பைப்பும் நின்றுவிட்டன. முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து, "தம்பி, வீட்ட எதுவும் இடிக்கலையே?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டார்.

போன வருஷம் ஒரு பூச்சுக்காரர், அவன் முறுக்கி முடிக்காத சாரத்தில் அவசரப்பட்டு ஏறி விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. விசாரிக்க வந்தவர்கள் அவன் மேல் தப்பில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஆனாலும் அன்றிலிருந்து முதல் பைப் நின்றதுமே சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவான். 'ஏறாதே' என்று எழுதிய அட்டை. எல்லாக் கிளாம்ப்பையும் மூன்று சுற்று பார்த்த பிறகுதான் அதைக் கழற்றிப் பச்சை அட்டை மாட்டுவான். இது யோசித்துச் செய்வதல்ல, கை தானாகச் செய்வது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மச்சான் பைக்கில் கொண்டுவந்து விட்டான். மகள் போன மாசத்தைவிட ஒரு விரல் வளர்ந்திருந்தாள். கொல்லைக்கு வந்து நின்றவள், வாயைத் திறந்தபடி மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்காகவாப்பா?"

"வேற யாருக்கு?"

ஓடிப்போய் ஊஞ்சல் பலகையைப் பிடித்தவள், பக்கத்துப் பைப்பைப் பார்த்து நின்றாள்.

"ஏறாதேன்னு போட்டிருக்கு."

அவனுக்கு முகம் சுருங்கிப்போனது. "அது... பழக்கத்துல மாட்டிட்டேன். அஞ்சு நிமிஷம் பாப்பா. ஒரு பார்வை பாத்துட்டுக் கழட்டிடுறேன்."

அந்த ஒரு பார்வையில்தான் எல்லாம் போயிற்று. காலையில் வீட்டுக்காரம்மா துணி துவைத்த தண்ணீர் ஓடி, சுவரோரம் இருந்த பைப்புக் கால் மண்ணில் அரை விரல் இறங்கியிருந்தது. ஒரு பிள்ளையின் எடைக்கு அது ஒன்றுமே இல்லை. சைட்டில் இருந்தால் வெல்டரே எட்டி உதைத்து, "போடா, யானையே ஆடலாம்" என்று சொல்லியிருப்பான். ஆனால் வெல்டர் அங்கே இல்லை. அவன் மகளைப் பார்த்தான், காலைப் பார்த்தான், ஸ்பானரை உருவினான்.

"தள்ளி நில்லு பாப்பா."

காலைத் தூக்கி அடியில் கல் வைக்க வேண்டும் என்றால் மேல் கிளாம்ப்புகளைத் தளர்த்த வேண்டும். ஒரு மூலையைத் தளர்த்தினால் மற்ற மூலைகளும் இழுத்துக்கொள்ளும். மண்ணைத் தோண்டிக் கல்லைப் பதித்தான். மட்டம் பார்த்தான். இன்னொரு கல் வைத்தான்.

"நான் எதாவது பிடிக்கவாப்பா?"

"வேணாம்மா, கையில விழுந்துடும். அங்க பேட்டு இருக்கு பாரு, எடுத்து ஆடிக்கிட்டு இரு. இதோ வந்துட்டேன்."

இரண்டு பேட் வாங்கி வைத்திருந்தான். அவள் ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்னொன்றைத் துவைக்கிற கல்லின் மேல் அவனுக்காக வைத்தாள். ஷட்டிலைச் சுவரில் அடித்தாள். கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்தாள். மறுபடி அடித்தாள்.

மேலே ஏறி உட்கார்ந்தவனுக்கு டொக், டொக் என்ற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளை விளையாடுகிறாள் என்று நினைத்தான். மனசு நிறைந்துதான் இருந்தது. ஒரு தடவை ஷட்டில் அவன் பக்கத்துப் பைப்பில் வந்து மாட்டிக்கொண்டது. எடுத்துக் கீழே போட்டான்.

"எத்தன ஆச்சு?"

"எண்ணலப்பா."

பன்னிரண்டு மணிக்கு அவளே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணாந்து நீட்டினாள். குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். "முடிஞ்சிடுச்சு, இன்னும் ரெண்டே கிளாம்ப்." தார்ப்பாய் இன்னும் சுருட்டியபடி கிடந்தது. ஹோஸைக் குழாயில் மாட்டவே இல்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் அவள் உள்ளே போய்ச் சோற்றையும் முட்டையையும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, அவனுக்கு ஒரு தட்டு போட்டு மூடி வைத்தாள். அந்தச் சத்தத்தை அவன் கேட்டது மட்டும்தான், பார்க்கவில்லை. மேலே இருந்தான்.

ஒன்றரை மணி இருக்கும். அறை வாசலில் நின்று அவள் போனில் பேசுவது கேட்டது. சத்தத்தைக் குறைத்துத்தான் பேசினாள். ஆனால் உயரத்தில் இருப்பவனுக்குக் கீழே பேசுவது நன்றாகக் கேட்கும், அது அவளுக்குத் தெரியாது.

"மாமா, இப்பவே வர்றீங்களா... இல்ல, சண்டையெல்லாம் இல்ல... அப்பா வேல பாத்துக்கிட்டு இருக்காங்க... ம்... சும்மாதான் இருக்கேன்."

கடைசிக் கிளாம்ப்பை முறுக்கி முடித்த கை அப்படியே நின்றது. விறுவிறுவென்று இறங்கி வந்தான். சிவப்பு அட்டையைப் பிய்த்துச் சட்டைப் பையில் திணித்தான்.

"ரெடி பாப்பா! வா, வந்து உக்காரு!"

அவள் வந்தாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் பின்னால் நின்று தள்ளினான். ஊஞ்சல் ஒரு முழம் போய் ஒரு முழம் வந்தது. இன்னும் வேகமாகத் தள்ளினான். அதே ஒரு முழம். சுவரில் இடித்துவிடக் கூடாது, பைப்பில் இடித்துவிடக் கூடாது, தலைக்கு மேலே போய்விடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கயிற்றைக் குட்டையாகக் கட்டி, இரண்டு பக்கமும் தடுப்புப் பைப் வேறு போட்டிருந்தான். பதினெட்டுப் பைப்பும் கொஞ்சம்கூட அசையவில்லை. ஊஞ்சலும் அசையவில்லை.

"நல்லா இருக்குப்பா," என்றாள்.

"கயித்த இறக்கிக் கட்டட்டா? அஞ்சே நிமிஷம்."

"வேணாம்பா!" சட்டென்று சொல்லிவிட்டாள். பிறகு மெதுவாக, "போதும். மாமா வந்துடுவாங்க" என்றாள்.

"ஷட்டில் ஆடலாமா அதுவரைக்கும்?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. பத்து நிமிஷத் தூரத்தில் ஒருத்தன் குடியிருந்தால் இப்படித்தான்.

வாசல் வரைக்கும் கூடப் போனான். கிரீஸ் கையை வேட்டியில் துடைத்தான், ஆனாலும் அவள் தலையில் வைக்கத் தயங்கிக் கையைக் கீழே இறக்கிக்கொண்டான்.

"அடுத்த மாசம் எல்லாத்தையும் முன்னாடியே ரெடி பண்ணி வச்சிடுறேன்."

"அடுத்த மாசம் பரீட்சைப்பா."

"அதுக்கு அடுத்த மாசம்?"

"பாக்கலாம்பா."

சைட்டில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் சொல்கிற பாக்கலாம் அது. அவனுக்கு அந்த வார்த்தை நன்றாகப் பழக்கம்.

மச்சான் பைக்கைத் திருப்பினான். அவள் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள், கையாட்டினாள். வளைவு வரைக்கும் ஆட்டிக்கொண்டே போனாள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அறைக்கு வந்து மூடி வைத்திருந்த தட்டைத் திறந்தான். மஞ்சள் கரு உதிராமல் முட்டையை நாலாக வெட்டி வைத்திருந்தாள். நின்றபடியே சாப்பிட்டான்.

ஆறு மணிக்குப் போன் வந்தது.

"மச்சான், பாப்பா வீட்ல சொல்லிட்டா."

"ம்."

"மாசாமாசம் வேணாமாம். பெரிய லீவுல ஒரு தடவ வர்றேங்குறா. அக்கா எதுவும் சொல்லிக் கொடுக்கல மச்சான். சத்தியமா, அவளாத்தான் சொன்னா."

"தெரியும்."

"உங்க மேல கோவமெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சாம். காலையிலேருந்து அப்பா கூட ஷட்டில் ஆடினேன், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலிக்குதுன்னு அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கா. போன்ல நீங்க வேலையா இருக்கீங்கன்னாளே, அதுக்கு முன்னாடி அவ்ளோ நேரமா ஆடுனீங்க?"

அவன் கொல்லைப் பக்கம் பார்த்தான். அவன் பெயரைக் காப்பாற்றப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை போய்ச் சொன்ன பொய் அது. அதை உடைக்கிற உரிமை தனக்கில்லை என்று தோன்றியது.

"ஆமா மச்சான். ஆடுனோம்."

"யாரு ஜெயிச்சீங்க?"

"அவதான்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது வீட்டுக்காரம்மா ஒரு வாளித் துணியோடு நின்றிருந்தார்.

"பாப்பா அப்பவே போயிடுச்சா தம்பி?"

"போயிடுச்சுங்கம்மா."

"அப்போ இது இப்படியே நிக்கட்டுமே. நல்லா திடமா இருக்கு. போர்வையெல்லாம் காயப் போடலாம்."

"இல்லம்மா, சைட்டுப் பைப்பு. நாளைக்குத் திருப்பிக் கொண்டு போகணும்."

"அட, ரெண்டு நாளாச்சும் இருக்கட்டும்னு பாத்தேன்," என்று சொல்லிவிட்டு, வாளியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் உள்ளே போனார்.

வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. ஊஞ்சல் கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வைத்தான். மேலே ஏறி, கடைசியாக முறுக்கிய கிளாம்ப்பை முதலில் தளர்த்தினான். அது சுலபத்தில் வரவில்லை, அவ்வளவு இறுக்கி வைத்திருந்தான். சைட்டில் என்றால் ஒரு பைப்பை இறக்க எதிர்முனையில் ஒருத்தன் பிடிப்பான், 'விடட்டா' என்று கேட்டு, 'விடு' என்று சொன்ன பிறகுதான் விடுவார்கள். இங்கே கேட்க ஆளில்லை. ஒவ்வொரு பைப்பையும் தோளில் சாய்த்து, காலால் அடிமுனையை மிதித்துப் பிடித்து, மெதுவாக மண்ணில் இறக்கினான். பதினெட்டு இருந்தன.