முள் வளைந்த பக்கம்

காட்டு ரோஜாவின் முள் நேராக நிற்பதில்லை; தூண்டில் கொக்கி போல அடித்தண்டை நோக்கி வளைந்திருக்கும். வெளிப்பக்கம் சாய்ந்த கிளைகளுக்குள் கையை விட்டால் முள் வழுக்கி வழிவிடும். வெளியே இழுக்கும்போதுதான் சதையில் மாட்டும். மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் தானாகக் கழன்றுவிடும்.

நர்சரியில் வேலை செய்யும் தனக்கொடிக்கு இது தெரியும். முத்தியால்பேட்டையில் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. மதில் கிடையாது. பிரிந்துபோன கணவன் ராஜவேல், மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டிய வாரம் அவள் அந்த எல்லையில் காட்டு ரோஜாக் குச்சிகளை வேலியாக நட்டாள். அவன் வரக் கூடாது என்று கோர்ட்டும் சொல்லியிருந்தது. அவள் வேலியைத்தான் நம்பினாள். வேலியின் ஒரு மூலை வழியாகத்தான் அவன் நுழைவான் என்று பயந்து, மூன்று வருடம் அந்த மூலைக்கு மட்டும் தினமும் தண்ணீர் விட்டாள், தொழுவுரம் போட்டாள். அதுதான் தப்பு. பட்டினி கிடந்தால்தான் இந்தச் செடி இறுகும். ஊட்டி வளர்த்த மூலையில் கிளைகள் பச்சையாக, நீளமாக, பிஞ்சு முள்ளோடு நின்றன.

சனிக்கிழமை மதியம் அந்த மூலை ஆடியது. துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பினாள். ராஜவேல் இளங்கிளைகளை ஒடித்துவிட்டுத் தோள்வரை கையை நுழைத்திருந்தான். அடியிலிருந்த முற்றிய கிளை அவனைப் பிடித்துக்கொண்டது.

உள்ளே மகள் கவிநிலா காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தனக்கொடி கதவை இழுத்துப் பூட்டினாள். தெருமுனையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் கன்னியப்பனுக்குப் போன் போட்டாள். போலீசுக்குச் சொல்லிவிட்டு உடனே வருவதாக அவர் சொன்னார்.

"நீதானடி நட்ட. எப்படி எடுக்கறது, சொல்லு," என்றான் ராஜவேல்.

செடியைப் பற்றி யார் கேட்டாலும் பொறுமையாக விளக்குகிறவள் அவள். தெருமுனைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"பின்னால இழு. வந்துடும்."

இழுத்தான். முழங்கையில் இன்னும் இரண்டு கொக்கிகள் ஏறின.

"பலமா இழு."

சட்டைக் கை கிழிந்து ரத்தம் இலைமேல் சொட்டியது. பட்டறைப் பக்கம் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. ராஜவேல் இழுப்பதை நிறுத்தினான். அவள் முகத்தையே பார்த்தான். பிறகு கையை ஒரு விரற்கடை உள்ளே தள்ளினான். ஒரு முள் கழன்றது.

கன்னியப்பனும் பட்டறை ஆள் ஒருவரும் வந்து பின்னாலிருந்து பிடிப்பதற்குள் மூன்று முட்கள் கழன்றிருந்தன.

போலீஸ் வண்டியில் ஏறும்வரை அவன் அவளைத் திட்டவே இல்லை. கையைத் திருப்பித் திருப்பி, முள் கழன்ற இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.