பின்னால் மிதித்தால் நிற்கும்

என் கணவருக்குப் பொய் சொல்ல நன்றாகவே வரும். சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு சொல்லத்தான் வராது.

இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவருக்கே தெரியாது. நான் பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் கால்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணத்துக்கு முன்னால் அவர் எங்கள் வீட்டு கேட்டருகே சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு பேசுவார். இன்னொரு கால் பெடலில் சும்மா கிடக்கும். பொய் வாயில் வந்ததோ இல்லையோ, அந்தக் கால் தானாகப் பெடலைப் பின்பக்கம் சுற்ற ஆரம்பித்துவிடும். "காலேஜ்ல நான்தான் ஃபர்ஸ்ட்" என்பார். பின்சக்கரத்து ஃப்ரீவீலிலிருந்து டிக் டிக் டிக். "சிகரெட்டா? தொட்டதே இல்ல." டிக் டிக் டிக் டிக். ஒருநாள், "என்னை நிஜமாவே பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "ரொம்ப" என்றார். சத்தமே இல்லை. அதற்குப் பிறகுதான் வீட்டில் வந்து பேசச் சொன்னேன்.

இருபத்திரண்டு வருஷமாக முக்கியமான கேள்விகளை எல்லாம் அவர் சைக்கிளில் ஏறிய பிறகுதான் கேட்டு வந்திருக்கிறேன். குடும்பம் ஒழுங்காக ஓடியது. அந்த சைக்கிளைத்தான் மனுஷன் பிரித்துப் போட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலும் கீழுமே போய்வந்த மனுஷனுக்கு ஐம்பது வயதில் முன்னால் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு முந்தைய மோட்டார் சைக்கிள் படம் ஒன்றை எங்கேயோ பார்த்தார். நீளமான டேங்க், கீழே வளைந்த ஹேண்டில்பார், பால் நிற டயர், நடுவில் குட்டி இன்ஜின். தன் சைக்கிளை அப்படியே ஆக்கிக் காட்டுவதாகச் சொன்னார். மறுநாள் காலை ஹாலில் சோபாவுக்கு எதிரே சக்கரமில்லாத சட்டம் தலைகீழாக நின்றது. செயின் என் இட்லிப் பானையில் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து சாக்குப் பையில் ஒரு இன்ஜின் வந்தது.

"எங்க கிடைச்சது?" என்றேன்.

"பழைய இரும்புக் கடைல" என்றார், சமையலறையில் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றபடி. பழக்கதோஷத்தில் அவர் கால்களைப் பார்த்தேன். அவை கம்மென்று இருந்தன.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். அவள் வீட்டு ஷெட்டில் இருந்த, இன்ஜின் வைத்த புல்வெட்டும் மெஷினைக் காணவில்லையாம். "கடைசியா வந்துட்டுப் போனது உன் வீட்டுக்காரர்தான்" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆங்காரம் வந்ததோ. "உன் துருப்பிடிச்ச மெஷினத் தூக்கிட்டு வர்ற அளவுக்கு என் புருஷன் ஒண்ணும் தரம் கெட்டுப் போகல" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

எனக்கு இருப்பது ஒரே அக்கா. தினமும் கிளினிக்கிலிருந்து திரும்பும்போது அரைமணி நேரம் அவளோடு பேசுவேன், உருப்படியாக ஒரு விஷயமும் இருக்காது. அந்த அரைமணி இப்போது வெறுமனே கிடந்தது. அவள் இல்லாமல் எனக்கு எதுவுமே ருசிக்கவில்லை. ஆனால் யார் மன்னிப்புக் கேட்பது? இவர் சொன்னது நிஜமென்றால் அவள். பொய்யென்றால் நான். அதைத் தெரிந்துகொள்ள வீட்டில் இருந்த ஒரே கருவி ஹாலில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

அது நிமிர்வதாகவும் இல்லை. டேங்க் தயார், இன்ஜின் தயார். சக்கரத்தின் நடுவில் வருகிற ஹப்பும் பிரேக்கும் மட்டும் நாலு மாதமாக முடிவாகவில்லை. கடைசியில் பொறுமையிழந்து நானே அவரைச் சைக்கிள் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார். "சார், இன்ஜின் வெச்ச வண்டி. ரிம்மைக் கவ்வுற பிரேக் எல்லாம் மழையில வழுக்கிடும். பேசாம டிஸ்க் போடுங்க. சொன்ன இடத்துல நிக்கும்."

என் கணவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏதுங்க டிஸ்க்கு?"

"நூறு வருஷத்துக்கு முன்னாடி வண்டி ஓட்டினவங்க இப்ப இருக்காங்களா சார்?"

கொஞ்ச நேர இழுபறிக்குப் பின் முன்சக்கரத்துக்கு டிரம் ஹப் என்று முடிவானது. பிரேக் ஹப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பார்க்கவும் பழசாக இருக்கும். பின்சக்கரத்தில் மறுபடி சிக்கல். அங்கேயும் டிரம் போட்டால் ஹேண்டிலிலிருந்து இன்னொரு கேபிள் ஓட வேண்டும்.

"ரெண்டு கேபிளா? துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்குமே" என்று முகத்தைச் சுளித்தார் இவர்.

கடைக்காரர் பெருமூச்சுவிட்டு அடித்தட்டிலிருந்து ஒரு குண்டு ஹப்பை எடுத்து வைத்தார். "இது கோஸ்டர். கேபிளே கிடையாது. பெடலைப் பின்னால மிதிச்சீங்கன்னா சக்கரம் பிடிச்சுக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதுவரை ஒரு கவலை என்னை அரித்துக்கொண்டே இருந்தது: இன்ஜின் போடுகிற இரைச்சலில் டிக் டிக் எப்படிக் கேட்கும்? இதற்குக் காதே வேண்டாமே!

"இதையே போடுங்க" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "உனக்கு எப்பலேர்ந்து இதெல்லாம் தெரியும்?" என்றார் இவர்.

"எனக்கென்ன தெரியும்? பார்க்க அழகா இருக்கு."

"அடிக்கடி பிடிச்சா சூடாயிடும்மா, உள்ள கிரீஸ் உருகிடும்" என்று கடைக்காரர் எச்சரித்தார். "சார் எப்படி, அடிக்கடி பிரேக் பிடிப்பாரா?"

அது அவர் வாயைப் பொறுத்தது என்று சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன். ரெண்டு பேர் ஏறுவோமா என்று கேட்டுவிட்டு, எடை தாங்குவதற்காக முப்பத்தாறு கம்பி மாட்டுகிற ஓட்டை உள்ள ஹப்பாகவும் தடித்த கம்பியாகவும் பார்த்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி தெருவில் இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. ஆள் நடமாட்டமில்லாத தொழிற்பேட்டைச் சாலைக்கு விடச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டேன். முதலில் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே.

"காலைல மாத்திரை போட்டீங்களா?" என்று அவர் காதில் கத்தினேன்.

"போட்டாச்சு!" வண்டி ஓடியது.

"என் புதுக் கண்ணாடி எப்படி இருக்கு?"

"பிரமாதம்!" வண்டி லேசாகத் தயங்கியது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது அசல் கேள்வி. எனக்குப் பயமாக இருந்தது. நாலு மாதம் இந்த மனுஷனுக்காக அக்காவை விட்டிருக்கிறேன்.

"இன்ஜின் பழைய இரும்புக் கடைலதான கிடைச்சது?"

"ஆமா, அங்கதா—"

கிரீச்சென்று பின்சக்கரம் இறுகியது. என் மூக்கு அவர் முதுகில் போய் மோதியது. அவர் இறங்கி ஹப்பைத் தடவிப் பார்த்து, "கொஞ்சம் டைட்டா மாட்டிட்டேன் போல" என்று ஸ்பேனரை எடுத்துத் தளர்த்தினார். மறுபடி கிளம்பினோம்.

"எந்தக் கடை?"

"ஸ்டேஷனுக்குப் பின்னா—" கிரீச்.

இந்தத் தடவை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சரியாத்தானே மாட்டினேன்" என்று பாவமாக முணுமுணுத்தார்.

"ஒருதடவை உண்மையச் சொல்லிப் பாருங்க. ஓடும்."

"வண்டிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. சும்மா சொல்லித்தான் பாருங்களேன்."

எழுந்து பேன்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு ஏறி, வண்டியைக் கிளப்பி, சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "உங்க அக்கா வீட்டுக்காரர்தான் குடுத்தார். ஞாயித்துக்கிழமை ஆனா அக்கா அவரைப் புல்லு வெட்ட வைக்கறாங்களாம். 'எடுத்துட்டுப் போயிடு சகலை, காணாமப் போச்சுன்னு சொல்லிக்கறேன்'னார். அக்கா உன்கிட்ட சண்டைக்கு வருவாங்கன்னு யார் கண்டா? அப்புறம் நீங்க ரெண்டு பேரும் கத்தின கத்துல எங்களுக்கு வாய் திறக்கவே தைரியம் வரல."

வண்டி வெண்ணெயாக ஓடியது. "பாரேன், ஓடுது!" என்றார் சந்தோஷமாக.

"இந்த நாலு மாசமா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா இருந்தீங்க?"

"சேச்சே, இல்—" கிரீச்.

"அக்கா வீட்டுக்கு விடுங்க" என்றேன்.

அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. நடுவில் அக்கா குந்தி உட்கார்ந்து, செடி வெட்டும் கத்தரிக்கோலால் அதை நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை சிவந்து கொப்புளம் கண்டிருந்தது. அவள் கணவர் நிழலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"மன்னிச்சிடுக்கா. நீ சொன்னதுதான் சரி. பாதி சரி."

அவள் எழுந்திருக்கவில்லை. கத்தரிக்கோல் மட்டும் நின்றது. "அது என்னடி பாதி?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கணவர் பேப்பரைப் போட்டுவிட்டு வண்டியிடம் ஓடி வந்திருந்தார். "அடேங்கப்பா! நம்ம இன்ஜினா சகலை இது? அடையாளமே தெரியலையே!" என்று டேங்கைத் தட்டிக் கொடுத்தார். அப்புறம்தான் மனைவி பக்கத்திலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. தட்டிய கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அக்கா அவரைப் பார்த்தாள், இன்ஜினைப் பார்த்தாள், கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிடித்த கையை வீட்டுக்குள் போகும்வரை எடுக்கவே இல்லை.

"எப்படிடி அந்த மனுஷன் வாயிலேர்ந்து வாங்கின?" என்றாள் சமையலறையில்.

இருபத்திரண்டு வருஷம் ஒருவரிடமும் சொல்லாத விஷயம். நாலு மாதம் அவளைத் தவிக்கவிட்டதற்கு இதையாவது கொடுக்க வேண்டாமா? டிக் டிக்கிலிருந்து கோஸ்டர் ஹப், முப்பத்தாறு கம்பி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், வெளியே இரண்டு ஆண்களும் புல்லை மறந்து பின்சக்கரத்தருகே மண்டியிட்டு, பிரேக் ஏன் தானாகப் பிடிக்கிறது என்று ஸ்பேனரோடு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கணவரை நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இவருக்கும் பொய் சொன்னா கால்தாண்டி ஆடும்" என்றாள். "ஷெட்ல ஒரு சைக்கிள் இருக்கு. தொண்ணூறு கிலோவை முப்பத்தாறு கம்பி தாங்குமா?"