முப்பதாயிரம் வரை

“வரை” என்ற சொல்லுக்குத் தாளில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். மற்றபடி ஒட்டடைக்குச்சி செய்ததில் ஒரு தப்பும் கிடையாது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரத்துணி வண்டி தள்ளுபவன் அவன்; ஒல்லி உடம்புக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் அது. செல்போன் செயலி ஒன்றில், கூட வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒரு கிரிக்கெட் போட்டி ஆரம்பித்தான். அவரவர் கட்டணம் கட்டி, ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஓர் அணி அமைக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் அவர்கள் விளையாடுவதற்கேற்பப் புள்ளி. செயலி காட்டியதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து இஸ்திரி இயந்திரத்துக்கு மேலே ஒட்டினான். முதல் பரிசு முப்பதாயிரம். இரண்டாம் பரிசு பத்தாயிரம். “வரை” அடுத்த வரிக்கு ஓடிப்போய் அசிங்கமாகத் தொங்கியதால் அழித்துவிட்டான்.

நூறு இடம் போட்டிருந்தான். சலவைக்கூடத்தில் இருப்பதே முப்பது பேர். அதிலும் “பார்க்கலாம்” என்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்துவிட, சேர்ந்தவர்கள் அவனோடு ஏழு பேர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டம் தொடங்கிய நிமிஷமே செயலியில் பரிசு சுருங்கியது, வெந்நீரில் போட்ட கம்பளி மாதிரி. முதல் பரிசுக்கு ஒரு மேசை விசிறி வாங்கலாம். இரண்டாம் பரிசு என்ற வரியையே காணோம். இடங்கள் நிரம்பாவிட்டால் தொகையும், பரிசு பெறுவோர் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறையும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது.

ஏழு பேரில் ஒருவர் அவன் மாமா. அக்காவின் கணவர், சலவைக்கூடத்துக் கொதிகலன்காரர். அவர் வீட்டில்தான் இவனுக்குச் சோறும் படுக்கையும். மாமாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், குரல் இறங்கும். போன தடவை இறங்கியபோது எதிர்வீட்டுக்காரர் வீட்டையே காலி செய்துகொண்டு போனார்.

அந்த மாமா, முப்பதாயிரம் வந்ததும் வாஷிங் மெஷின் என்று அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா குளியலறையில் இடம் அளந்து, தண்ணீர்க் குழாயை மாட்ட ஆணியும் அடித்து வைத்துவிட்டாள். இப்போது மாமா முதலிடத்தில் இருந்தார்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். மாமா முதுகில் தட்டி, “எல்லாம் உன்னாலதான்டா” என்றார். வாய் தானாக மூடிக்கொண்டது.

தப்பிக்க ஒரே வழி, மாமா தோற்பது. தோற்றால் பழி ஆட்டக்காரன் தலையில். டிவியைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே, மாமா நம்பியிருந்த ஆட்டக்காரன் தொலையட்டும் என்று உள்ளுக்குள் வேண்டினான். ஸ்டம்பு பறந்தது. கடைசிப் பந்து முடிந்தபோது மாமாவின் செல்போன் அவருக்கு இரண்டாமிடம் என்று அறிவித்தது. ஒட்டடைக்குச்சிக்குப் போன உயிர் வந்தது.

மாமா முகம் வாடக்கூட இல்லை. “பத்தாயிரம் இருக்குல்ல, மீதிய நான் போட்டுக்கறேன்.”

வந்த உயிர் திரும்பிப் போனது. உள்ளேயிருந்து அக்கா, முதலில் வந்த புண்ணியவான் யார் என்று கேட்டாள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தார். பட்டியலின் உச்சியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது ஒட்டடைக்குச்சியின் படம். ஓர் இடமாவது நிரம்பட்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டு அமைத்த அணி.

“நீயாடா?”

குழாய் வெடித்த மாதிரி அவன் எல்லாவற்றையும் கொட்டினான்: காலி இடங்கள், சுருங்கிய தொகை, மறைந்த வரி, அழித்த சொல். மாமா டிவியை அணைத்தார்.

“அப்ப எனக்கு ஒண்ணுமில்ல.”

“இல்ல மாமா.”

“உனக்கு?”

“ஒரு ஃபேன் வாங்கலாம், மாமா.”

மாமாவின் குரல் இறங்கியது. கேட்க வேண்டுமானால் பக்கத்தில் சாய வேண்டும்; சாயவும் பயமாக இருந்தது.

“நாளைக்கு மத்த அஞ்சு பேரையும் நிக்க வச்சு, இப்ப சொன்னத அப்படியே சொல்ற. அதுக்கப்புறம் நீ வீட்டுக்கு வர்றதப் பத்திப் பேசலாம்.”

“தனியாவா, மாமா?”

“நான் பக்கத்துல நிப்பேன்.”

எதற்கு என்று கேட்க ஒட்டடைக்குச்சிக்குத் தைரியம் வரவில்லை.