கேப்டன் தாத்தாவின் போன கை

அந்த வீட்டில் இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை பிறந்தால் தலையில் தூக்கிவைத்து ஆடுவார்கள். காரணம், அப்பாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கும் உள்ளங்கை அகலத் தகட்டுப் புகைப்படம். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய பட்டாள உடுப்பு, முறுக்கு மீசை, வெறுமையாக மடித்து ஊசி குத்திய வலது சட்டைக்கை. சண்டையில் வலது கையைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த இடது கையாலேயே பூட்ஸ் தைத்துக் கடை போட்ட கேப்டன் தாத்தாவாம். ஒற்றைக் கையால் எப்படித் தைத்தார் என்று கேட்டவர்களுக்கு அந்த வீட்டில் காபி கிடைக்காது. ஆகவே இடக்கைதான் கேப்டன் ரத்தம். கடையும் அந்தக் கைக்கே.

மூத்தவள் வலக்கைக்காரி. தம்பி இடது. 'சின்ன கேப்டன்' என்று அவனுக்குப் பட்டம். வந்த ஷூ எந்தக் காலுக்கு உரியது என்று சொல்லவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவளோ பகலில் ஆவணக் காப்பகத்தில் பழைய சிப்பாய்ப் படங்களைப் பார்த்து, பொத்தானையும் காலரையும் வைத்து யார் எந்தப் படை, யார் இரவல் கோட்டு என்று பிரித்துச் சொல்கிறவள். சாயங்காலம் கடையில் மண்டியிட்டு ஊரார் காலை அளக்கிறவள். அந்தக் கடைமேல் அவளுக்கு உயிர். தெருவுக்கே தெரியும், அப்பாவைத் தவிர.

கடையைத் தம்பி பேருக்கு மாற்ற நாள் குறித்தாயிற்று. அன்றைக்கு வைப்பதற்காகப் படத்தைத் துடைத்துத் தரச் சொல்லி, முதல்முறையாக அதை அவள் கையில் கொடுத்தார் அப்பா. லென்ஸை வைத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண்கள் கோட்டில் பொத்தான் போட்டால் இடது பக்கம் மேலே வரும். இதில் வலது பக்கம் மேலே. தொப்பியில் பூங்கொடி வேலைப்பாடு என்று வீடே நம்பியிருந்தது, உண்மையில் இடம் வலமாகத் திரும்பி நிற்கும் படை எண். இந்த வகைத் தகட்டில் உருவம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத்தான் பதியும். காப்பகத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ஒப்பிக்கிற பாடம் அது.

ஓடிப்போய்க் கூடத்துக் கண்ணாடிமுன் தகட்டைப் பிடித்தாள். எண் நேராக நின்றது. வெறும் சட்டைக்கை இடது பக்கம் வந்துவிட்டது.

"தாத்தாவுக்குப் போனது இடது கைப்பா. அவர் என்ன மாதிரி வலக்கை."

அப்பா தகட்டை வாங்கித் தானும் கண்ணாடிமுன் பிடித்துப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த தம்பி, "அப்ப நான் யாரு ரத்தம்?" என்றான். அம்மா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்," என்றார் அப்பா. "வெளிய மூச்சு விடாதம்மா. தம்பி மனசு உடைஞ்சு போயிடும்."

"என் மனசு?"

"உனக்குத்தான் வேலை இருக்கே."

குறித்த நாளில் கடை கைமாறியது. தம்பி இடது கையால் கையெழுத்துப் போட, குடும்பமே சூழ்ந்து நிற்கப் படம் எடுத்தார்கள். ஓரத்தில், பெயர்ப்பலகைக்கு முன்னால், அம்மாவின் தோளில் வலது கையை வைத்தபடி அவள்.

மகள் சொன்னதை அப்பா மறக்கவில்லை. அன்று எடுத்த படத்தை இடம் வலமாகத் திருப்பி அச்சடிக்கச் சொல்லிவிட்டார். "நாளைக்கு உன்ன மாதிரி ஒருத்தி வந்து கண்டுபிடிச்சா? தாத்தா மாதிரியே இவனும் வலக்கைக்காரன்னு இருக்கட்டுமே." திருப்பியதில் பலகை எழுத்துகளும் இடம் வலமாய்ப் போய்க் காட்டிக்கொடுத்தன. அந்த ஓரத்தை வெட்டிவிட்டார்கள்.

இப்போது படம் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. சின்ன கேப்டன் வலது கையால் கையெழுத்திடுகிறான். அம்மாவின் தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் மிச்சம். உற்றுப் பார்த்தால், இடது கை.