கல்யாணத்தன்று கழற்றிய சக்கரம்

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபது வருஷமாக மனிதர்களுக்குப் பிரஷர் பார்த்துப் பழகிய கை, சொந்தமாகக் கார் வாங்கியதும் டயர்களையும் விட்டுவைக்கவில்லை. வாராவாரம் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே, கேஜ் வைத்து நான்கு டயரிலும் காற்றை அளப்பாள். டிக்கியில் சும்மா கிடக்கும் ஸ்டெப்னிக்கும் அதே மரியாதை. அளந்ததைத் தேதி போட்டு எழுதியும் வைப்பாள். குடியிருப்பில் அவளுக்குக் ‘காத்து நர்ஸ்’ என்று பெயரே விழுந்துவிட்டது.

அக்கா தையல் டீச்சர். ஐம்பத்திரண்டு வயதில், தானே எதிர்பாராத விதமாக, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். பதிவு அலுவலகத்தில் பதினோரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

பத்து மணிக்கு அவள் புது உடுப்பும் புதுச் செருப்புமாகப் படியிறங்கி வந்தபோது, தங்கை பின் சக்கரத்தோரம் குந்தியிருந்தாள்.

“முப்பத்திமூணு இருக்க வேண்டியது இருபத்திநாலு இருக்கு. போன வாரம் முப்பது. இறங்கிக்கிட்டே வருதுக்கா.”

“எனக்கும்தான் காலையிலேர்ந்து படபடன்னு வருது. என் பிரஷரைப் பாத்தியாடி?”

தங்கை டயர்மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். ஓரிடத்தில் குமிழி குமிழியாக வந்தது. நடுவில் ஒரு திருகாணியின் தலை பளபளத்தது.

“இதோட ஓட்ட மாட்டேன். சக்கரத்தை மாத்திட்டுப் போலாம்.”

“இன்னிக்கா?”

“இன்னிக்குத்தான்.”

மூன்று நட்டுகள் பேசாமல் கழன்று வந்தன. நான்காவது அசைய மறுத்தது. தங்கை ஸ்பானரைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றினாள், தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்பானர் மேலேயே ஏறி நின்றாள். ஒரு குதி. இன்னொரு குதி. மூன்றாவது குதியில் நட்டு கிறீச்சென்று இளகியது. இரண்டு பேரும் தரையில் சரிந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்கள். மேல்மாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஸ்டெப்னியை மாட்டிப் புறப்பட்டபோது பத்தரை. பாதி வழியில் சாலையோரம் கோட்டு போட்ட ஒருவர் இரண்டு கையிலும் கரியோடு நின்றார். பின்சீட்டிலிருந்த அக்கா ஜன்னல் கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்கு எட்டிப் பார்த்தாள்.

“நிறுத்துடி. மாப்பிள்ளை.”

அவருடைய காரின் முன் டயர் சப்பையாகிக் கிடந்தது. வெளியே எடுத்துப் போட்டிருந்த ஸ்டெப்னி அதைவிடச் சப்பை.

“ஸ்டெப்னில கடைசியா எப்போ காத்து பாத்தீங்க அத்தான்?” என்றாள் தங்கை. அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுவந்தாள்.

“அதுலயும் பாக்கணுமா?” என்றார் அவர். பிறகு மெதுவாக, “இன்னும் கையெழுத்தே போடலயே, அதுக்குள்ள அத்தானா?”

“சாரை எப்படித் திட்டறது?”

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் காரைப் பூட்டிவிட்டுப் பின்சீட்டில் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கரி படாமல் இருக்க இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர், யாரோ இவரைக் கடத்திக்கொண்டு போவதுபோல் உற்றுப் பார்த்தார். அதோடு மூன்று பேரின் கட்டுப்பாடும் போயிற்று.

பதினொன்றுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது உள்ளே நுழைந்தார்கள். பதிவாளர் கண்டிப்பான முகத்தோடு, “யாருடைய வற்புறுத்தலும் இல்லாம முழு சம்மதத்தோட வந்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

“வழியில ஏத்திக்கிட்டு வந்தோம்,” என்றாள் தங்கை.

அக்கா மேஜைமேல் கவிழ்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. மாப்பிள்ளை இருமுவதுபோல் நடித்துத் தோற்றார். பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அஞ்சு நிமிஷம் வெளிய போய்ச் சிரிச்சிட்டு வாங்க.”

நடைவழியில் வந்து நின்றதும் சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. அவர் கைகழுவிவிட்டு வந்து, ஈரம் துடைக்காமலே அக்காவின் கையைப் பிடித்தார்.

“பயமா இருக்கா?” என்றார்.

“இல்ல. கால்தான் தரையில நிக்க மாட்டேங்குது.”

“எனக்கும்.”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். கையெழுத்துப் போட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.